லியர் மன்னனைக் கூடி வாசிக்க ஒரு முழு வழிகாட்டி: சொந்த வீட்டு வஞ்சகத்தை ஏழு மாலைகளில் பின்தொடர்வது எப்படி

"எழுதாமக் குடுத்தா இப்பிடித்தான் சார்."

நாகர்கோவிலில் ஒரு சின்ன வாசகசாலையின் மாடியில், ஷேக்ஸ்பியரின் லியர் மன்னன் நாடகத்தின் முதல் காட்சியை வாசித்து முடித்ததும் வந்த முதல் கருத்து இது. சொன்னவர் ஒரு பத்திர எழுத்தர். முப்பது வருஷமாகப் பாகப்பிரிவினையும் தானசெட்டில்மென்டும் உயிலும் எழுதுகிறவர். இலக்கியம் படித்தவர்கள் என்று நாங்கள் இரண்டு மூன்று பேர் கையில் குறிப்புகளோடு போயிருந்தோம். அண்ணாச்சி பேசியபின் குறிப்புகளை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டோம்.

இந்த வழிகாட்டி அந்த ஏழு மாலைகளில் கிடைத்தது. உங்கள் ஊர் நூலகத்திலோ பள்ளிக்கூடத்து வகுப்பறையிலோ வீட்டுத் திண்ணையிலோ பத்துப் பேர் கூடி இந்த நாடகத்தை வாசிக்க நினைத்தால் இது உதவும். வாரத்துக்கு ஒரு மாலை போதும். ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பொய் சொன்னது யார் என்று கேட்டால் இந்த நாடகம் அரை மணி நேரத்தில் தீர்ந்துவிடும், ஏனென்றால் பொய்யர்கள் நம்மிடம் ஒளிப்பதே இல்லை. அந்தப் பொய்யைக் கேட்க யாருக்கு ஆசை என்று கேளுங்கள். அதற்கு ஏழு வாரம் பத்தாது.

முன்னேற்பாடு: பிரதியும் ஆட்களும்

நாடகம் 1605, 1606 வாக்கில் எழுதப்பட்டது. 1606 டிசம்பர் 26 அன்று லண்டனில் ஜேம்ஸ் மன்னர் முன்னிலையில் நடித்திருக்கிறார்கள். அச்சில் இரண்டு பிரதிகள் உண்டு: 1608இல் வந்த தனிப்பதிப்பு, 1623இல் வந்த தொகுப்புப் பதிப்பு. முதலாவதில் இருக்கும் முந்நூறு வரிகள்போல இரண்டாவதில் இல்லை. இரண்டாவதில் இருக்கும் நூறு வரிகள்போல முதலாவதில் இல்லை. கடையில் கிடைப்பது பெரும்பாலும் இரண்டையும் கலந்த பிரதி. அதையே வாங்குங்கள். ஆனால் எல்லோர் கையிலும் ஒரே பதிப்பு இருக்கட்டும். ஆளுக்கொரு பதிப்பைக் கொண்டுவந்து, "என் புத்தகத்தில் அந்த வரியே இல்லையே" என்று ஒரு மாலை முழுவதையும் நாங்கள் வீணாக்கியிருக்கிறோம்.

ஆங்கிலம் வராதவர்களுக்காக ஒவ்வொரு காட்சிக்கும் முன்னால் ஒருவர் கதையைத் தமிழில் சொல்லட்டும். பேச்சுத் தமிழில் சொல்வதே நல்லது. பாத்திரங்களைப் பிரித்துக் கொடுக்கும்போது லியர் வேடத்தை நன்றாக நடிக்கிறவருக்குக் கொடுக்காதீர்கள். அவர் முதல் நாளே கத்த ஆரம்பித்துவிடுவார், மூன்றாம் அங்கத்துப் புயலுக்குக் குரல் இருக்காது.

முதல் மாலை: இரண்டு குடும்பங்களைக் கரும்பலகையில் வரையுங்கள்

இடப்பக்கம் லியர். அவருக்குக் கீழே மூன்று மகள்கள்: கானரில், ரீகன், கார்டீலியா. மூத்தவள் கணவன் ஆல்பனி, இரண்டாமவள் கணவன் கார்ன்வால். வலப்பக்கம் க்ளாஸ்டர் பிரபு. அவருக்கு இரண்டு மகன்கள். எட்கர் முறைப்படி பிறந்தவன், எட்மண்ட் திருமணத்துக்கு வெளியே பிறந்தவன். ஒரு வீட்டில் தகப்பன் மகளை ஏமாந்து விரட்டுகிறார், மறுவீட்டில் தகப்பன் மகனை ஏமாந்து விரட்டுகிறார்.

வரைந்து முடித்ததும் படத்தில் என்ன குறைகிறது என்று கேளுங்கள். எங்கள் கூட்டத்தில் ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் உடனே சொன்னார்: "ரெண்டு வீட்லயும் அம்மா இல்ல." இதே கதையை வைத்து ஷேக்ஸ்பியருக்கு முன்பே ஒரு பழைய நாடகம் இருந்தது. அது அரசியின் ஈமச்சடங்கு முடிந்த கையோடு ஆரம்பிக்கும். ஷேக்ஸ்பியர் அந்த அம்மாவைச் சாவுக்காகக்கூட மேடைக்குக் கொண்டுவரவில்லை. நம் வீடுகளில் அப்பா இப்படி ஏதாவது சபையில் பேச வாயெடுத்தால் அடுக்களையிலிருந்து ஒரு குரல் வரும். இங்கே அந்தக் குரலுக்கு ஆள் இல்லை.

இரண்டாம் மாலை: பாகம் வைக்கும் காட்சி, இரண்டு முறை

முதல் காட்சியை ஒருமுறை கதைக்காக வாசியுங்கள். கதை தெரிந்ததுதான். வயதான மன்னர் நாட்டை மூன்றாகப் பிரிக்கிறார். யாருக்கு என்மேல் அதிகப் பாசம் என்று சொல்லுங்கள், அதற்கேற்பத் தருகிறேன் என்கிறார். மூத்தவள் கண்ணொளியைவிட, விடுதலையைவிட உங்கள்மேல் பாசம் என்கிறாள். இரண்டாமவள் அக்கா சொன்னது போதாது என்கிறாள். கடைக்குட்டி "ஒன்றுமில்லை" என்கிறாள். அவளை வெறுங்கையோடு தள்ளிவிடுகிறார். அவளுக்காகப் பேசிய கென்ட் பிரபுவுக்கு நாடு கடத்தல். சீதனம் இல்லை என்றதும் பர்கண்டி பிரபு பின்வாங்குகிறார், பிரான்சு மன்னர் அவளை அப்படியே ஏற்றுக்கொள்கிறார்.

இப்போது பென்சிலோடு மறுபடி வாசியுங்கள். மூன்று இடங்களில் கோடு போடுங்கள்.

நாடகத்தின் முதல் வரிகள் முதல் இடம். மன்னர் வருவதற்கு முன்பே கென்ட்டும் க்ளாஸ்டரும் பங்கீட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். இரண்டு மருமகன்களின் பங்கும் சரிசமமாக இருக்கிறதாம். அப்படியென்றால் பங்கு ஏற்கெனவே பிரித்தாகிவிட்டது. அடுத்து, கானரில் பேசி முடித்தவுடனே அவள் பங்கு கைமாறுகிறது. மற்ற இருவர் வாயே திறக்கவில்லை. போட்டி என்றால் மூவரும் பேசிய பிறகல்லவா பரிசு? கடைசியாகக் கார்டீலியாவிடம் கேட்கும்போது, அக்காக்களுக்குக் கிடைத்ததைவிட வளமான மூன்றில் ஒரு பங்கு உனக்கு இருக்கிறது, பேசு என்கிறார்.

ஆக, அந்தச் சபையில் முதலில் நாடகம் போட்டவர் தகப்பன். முடிவு செய்த பங்கை ஏலம்போலக் காட்டி, எல்லோர் முன்னாலும் புகழைக் கேட்டு வாங்குகிறார். மகள்கள் இருவரும் கேட்ட சரக்கைக் கொடுத்தார்கள், அவ்வளவுதான். எங்கள் கூட்டத்தில் பாதிப்பேர் இதை ஒத்துக்கொள்ளவில்லை. பெற்றவரைக் குறை சொல்வதா என்று ஒரு பெரியவர் அடுத்த வாரம் வரவேயில்லை. அதற்கடுத்த வாரம் வந்தார்.

அண்ணாச்சி சொன்ன விஷயத்துக்கு வருகிறேன். லியர் எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு, நூறு வீரர்களோடு மாதம் ஒரு மகள் வீடு என்று மாறிமாறித் தங்குவேன் என்று வாயால் சொல்லி வைக்கிறார். சாட்சிக்குச் சபையே இருக்கிறது. ஆனால் நாளைக்கு அந்த நிபந்தனையை மீறினால் கேட்க யாருக்கும் அதிகாரம் இல்லை. கேட்கக்கூடிய ஒரே ஆளான கென்ட்டை அவரே விரட்டிவிட்டார். நம் நாட்டில் இதற்கென்றே ஒரு சட்டம் இருக்கிறது: பெற்றோர், முதியோர் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம், 2007. அதன் 23ஆம் பிரிவின்படி, பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு சொத்தைக் கொடுத்து, வாங்கியவர் பார்த்துக்கொள்ளாவிட்டால், அந்தக் கொடை மோசடியாலோ வற்புறுத்தலாலோ நடந்ததாகவே கருதப்படும். கொடுத்தவர் விரும்பினால் தீர்ப்பாயம் அதைச் செல்லாது என்று அறிவிக்கலாம். நிபந்தனையைப் பத்திரத்திலேயே ஏற்றிவிடுவது பாதுகாப்பு. "நான் எழுதின பத்திரத்தில எல்லாம் ஒரு அறையும் கக்கூசும் அப்பன் ஆயுசுக்கும்னு தனியா ஏத்திருவேன்" என்றார் அண்ணாச்சி. நாடகத்தில் இதைவிடப் பெரிய நூறு வீரர்கள் கேட்டும் லியருக்குக் கடைசியில் ஒரு கூரை மிஞ்சவில்லை.

மூன்றாம் மாலை: கடிதங்களைக் கையில் எடுங்கள்

இந்த நாடகத்தில் வஞ்சகம் பெரும்பாலும் தாளில் நடக்கிறது. ஒவ்வொரு கடிதத்துக்கும் உண்மையிலேயே ஒரு தாளை மடித்து, வாசிக்கிறவர் கையில் கொடுங்கள். எந்தத் தாள் யார் பையில் இருக்கிறது என்று தெரிந்தால் பாதிக் கதை புரிந்துவிடும்.

முதல் தாள் எட்மண்டுடையது. அண்ணன் எட்கர் எழுதியதுபோல அவனே எழுதிய கடிதம். அப்பாவை ஒழித்துவிட்டுச் சொத்தை நாம் பங்கு போட்டுக்கொள்வோம் என்ற மாதிரி. இதை அவன் அப்பாவிடம் கொண்டுபோய்க் கொடுக்கவில்லை. அதுதான் அவன் கெட்டிக்காரத்தனம். அப்பா உள்ளே வரும்போது தாளை அவசரமாகச் சட்டைக்குள் செருகுகிறான், அதுவும் அவர் கண்ணில் படும்படி. என்ன வாசித்தாய் என்கிறார். ஒன்றுமில்லை என்கிறான். முந்தைய காட்சியில் கார்டீலியா சொன்ன அதே சொல். ஒன்றுமில்லை என்றால் எனக்குக் கண்ணாடி தேவைப்படாது, காட்டு என்று கிண்டலாகக் கேட்டு வாங்குகிறார் க்ளாஸ்டர். இந்தக் கண்ணாடிப் பேச்சை அடிக்கோடிட்டு வையுங்கள். இந்த மனிதருக்குக் கண் போகப் போகிறது.

இதை நடித்தே பாருங்கள். எங்கள் கூட்டத்தில் எட்மண்டாக இருந்த கல்லூரிப் பையன் தாளைச் சட்டைப் பைக்குள் வைத்தான். பை மெல்லிய துணி, தாளின் நுனி வெளியே துருத்திக்கொண்டு நின்றது. க்ளாஸ்டராக வாசித்தவர் வசனத்தை விட்டுவிட்டு அந்த நுனியையே பார்த்துக்கொண்டிருந்தார். கேட்டு வாங்கிய பொய்யை யாரும் சந்தேகப்படுவதில்லை என்று அங்கே புரிந்தது.

அப்புறம் ஒரு கேள்வி போடுங்கள். க்ளாஸ்டர் என்ன செய்திருக்க வேண்டும்? எட்கர் தூரத்தில் இல்லை, கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். ஒரு வீட்டுக்குள் இருக்கிறவன் ஏன் கடிதம் எழுத வேண்டும்? "கையெழுத்த ஒத்துப் பாக்காம யாராவது நம்புவாங்களா" என்று அண்ணாச்சிக்குத் தாங்கவில்லை. க்ளாஸ்டர் அதற்குப் பதிலாகச் சூரிய, சந்திர கிரகணங்களைப் பழிக்கிறார். 1605ஆம் வருஷம் செப்டம்பர், அக்டோபரில் அடுத்தடுத்து இரண்டு கிரகணங்கள் வந்திருந்தன. அன்றைய பார்வையாளர்களுக்கு அது நேற்றுப் பார்த்த சங்கதி. அப்பா போனதும் எட்மண்ட் ஜோசியத்தைக் கேலி செய்து ஒரு பேச்சுப் பேசுகிறான். நாடகத்திலேயே தெளிவாக யோசிக்கிற ஆள் அவன்தான் என்று தோன்றும். தோன்றட்டும்.

எட்மண்டின் குறையைக் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர்களுக்குத் தனியாக விளக்க வேண்டாம். பிறந்த வழியால் சொத்து இல்லை என்பது இங்கே பழைய கதை. 1729இல் திருவிதாங்கூர் ராமவர்மா இறந்தபோது பட்டம் சகோதரி மகனான மருமகன் மார்த்தாண்டவர்மாவுக்குப் போனது, பெற்ற மகன்களான தம்பிமாருக்கு இல்லை. வில்லுப்பாட்டில் தம்பிமார் கதை கேட்டவர்களுக்கு அந்த வலி தெரியும். நாஞ்சில்நாட்டு வேளாளர் குடும்பங்களில் சொத்து மருமகனுக்குப் போய்க்கொண்டிருந்ததை, தேரூர் கவிமணி ஒரு காரணவரின் (குடும்பத் தலைவரின்) ஐந்தாம் மனைவி வாயால் சொல்ல வைத்துச் சிரிக்கவும் அழவும் வைத்தார். அந்த முறை 1926ஆம் வருஷச் சட்டத்தோடு முடிவுக்கு வந்தது. சட்டமே ஒருவனை வெளியே நிறுத்தும்போது அவன் செய்யும் வஞ்சகத்தை எப்படி எடைபோடுவது? நாங்கள் இரவு ஒன்பது மணி வரை பேசினோம். எட்மண்டுக்குக் குறை இருக்கிறது, அதைச் சொல்லும் முதல் காட்சியிலேயே அப்பா அவன் பிறப்பைப் பற்றி அவன் காதுபடவே கொச்சையாகச் சிரிக்கிறார். ஆனால் அதே வீட்டில் அவனிடம் அன்பாக இருந்த அண்ணனை அவன் ஏன் தேர்ந்தெடுத்தான்? அங்கே என் அனுதாபம் நின்றுவிடுகிறது.

நான்காம் மாலை: நூறு புளியங்கொட்டை

ஒரு டப்பாவில் நூறு புளியங்கொட்டையை எண்ணி எடுத்து வாருங்கள். அவைதான் லியரின் வீரர்கள். முதல் அங்கம் நான்காம் காட்சியிலிருந்து இரண்டாம் அங்கத்தின் முடிவுவரை வாசித்துக்கொண்டே குறையுங்கள். கானரில் ஒரேயடியாக ஐம்பதை எடுக்கிறாள். ரீகன் இருபத்தைந்துதான் என்கிறாள். உடனே லியர் கானரில் பக்கம் திரும்பி, உன் ஐம்பது இருபத்தைந்தின் இரட்டிப்பு, உன் பாசம் அவளுடையதைப்போல இரு மடங்கு என்கிறார். இந்த வரியில் நிறுத்துங்கள். பாசத்தை எண்ணிக்கையால் அளக்கும் பழக்கத்தை அவர் இன்னும் விடவில்லை. அப்புறம் பத்து எதற்கு, ஐந்து எதற்கு என்று கானரில் கேட்க, ஒன்றுதான் எதற்கு என்று ரீகன் முடிக்கிறாள். டப்பா காலி.

கானரில் பக்கமும் ஒருவர் வாதாடட்டும். நூறு ஆண்கள் குதிரைகளோடு ஒரு வீட்டில் மாதக்கணக்கில் தங்கினால் அந்த வீட்டுக்காரியின் நிலை என்ன? 1962இல் பீட்டர் புரூக் இங்கிலாந்தில் இந்த நாடகத்தை இயக்கியபோது, வீரர்களை மேசை நாற்காலிகளைக் கவிழ்க்கும் முரட்டுக் கும்பலாகவே காட்டினார். பார்த்தவர்களுக்குக் கானரில்மேல் கொஞ்சம் நியாயம் தெரிந்தது. எங்கள் கூட்டத்துப் பெண்கள் எல்லோரும் இந்த இடத்தில் கானரில் கட்சி. அவள் சொன்னதில் உண்மை இருக்கலாம். ஆனால் அப்பாவை அலட்சியப்படுத்தச் சொல்லி வேலைக்காரன் ஆஸ்வால்டுக்கு முன்கூட்டியே உத்தரவு போட்டதும் அவள்தான். சண்டையை வரவழைத்துவிட்டுச் சண்டையைக் குறை சொல்கிறாள்.

கோமாளியை இந்த மாலையில் கவனியுங்கள். மன்னரிடம் நேராகப் பேசும் ஒரே ஆள் அவன். தோல்பாவைக் கூத்தில் ராமாயணத்துக்கு நடுவே உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் புகுந்து பேசுவதைப் பார்த்தவர்களுக்கு அவன் புதியவன் இல்லை. மூன்றாம் அங்கத்துக்குப் பிறகு அவன் காணாமல் போகிறான். எங்கே போனான் என்று ஷேக்ஸ்பியர் சொல்லவே இல்லை.

ஐந்தாம் மாலை: புயலும் கண்ணும்

புயல் காட்சிக்குச் சத்தம் எதுவும் சேர்க்காதீர்கள், தகரத்தைத் தட்ட வேண்டாம். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி அடித்த இரவு இங்கே எல்லோர் காதிலும் இன்னும் இருக்கிறது. ரப்பரும் வாழையும் முறிந்த சத்தம் கேட்டவர்களுக்கு லியர் எதற்குக் காற்றோடு பேசுகிறார் என்று தெரியும்.

மூன்றாம் அங்கம் ஏழாம் காட்சியில் க்ளாஸ்டரின் கண்களைப் பிடுங்குகிறார்கள். சிறுவர்கள் இருந்தால் அந்தக் காட்சியைக் கதையாகச் சொல்லிக் கடந்துவிடுங்கள். பெரியவர்கள் மட்டும் என்றால் மெதுவாக வாசியுங்கள். நடப்பது க்ளாஸ்டரின் சொந்த வீடு. செய்கிறவர்கள் அவர் சோறு போட்ட விருந்தாளிகள். அவர் லியருக்கு உதவியதைக் காட்டிக்கொடுத்தவன் அவர் மகன் எட்மண்ட். இரண்டு கண்ணும் போனபின் அவர் எட்மண்டைக் கூப்பிட்டு அழுகிறார். உன்னைக் காட்டிக்கொடுத்தவனே அவன்தான் என்கிறாள் ரீகன். அந்த ஒரு வரியில் எட்கர் நிரபராதி என்று புரிந்துகொள்கிறார். நாடகம் முழுக்க யார் சொல்லியும் வராத தெளிவு, கண் போன மறு நிமிஷம் வருகிறது.

தடுக்க எழுந்தது யார் என்று பாருங்கள். கார்ன்வாலிடம் சிறுவயது முதல் வேலை பார்த்த, பெயரில்லாத ஒரு வேலைக்காரன். எஜமானனைக் குத்துகிறான், ரீகன் அவனைப் பின்னாலிருந்து குத்துகிறாள். 1608 பதிப்பில் மட்டும் இன்னும் இரண்டு வேலைக்காரர்கள், முட்டை வெள்ளைக்கருவும் சணல் நாரும் கொண்டுவந்து அந்த முகத்துக்குப் போடுவோம் என்று பேசிக்கொள்வார்கள். அந்த வரிகளைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள்.

ஆறாம் மாலை: முட்டம் பாறை

முடிந்தால் இந்த வாசிப்பை முட்டத்தில் வையுங்கள். நாங்கள் கலங்கரை விளக்கத்துக்குக் கீழே பாறைமேல் உட்கார்ந்தோம்.

பைத்தியக்காரப் பிச்சைக்காரனாக வேஷம் போட்ட எட்கர், குருடான அப்பாவைக் கைப்பிடித்து நடத்துகிறான். டோவர் செங்குத்துப் பாறையிலிருந்து குதித்துச் சாக வேண்டும் என்கிறார் அப்பா. எட்கர் சமதரையிலேயே நிறுத்தி, இதுதான் விளிம்பு என்கிறான். கீழே கரையில் நடக்கும் மீனவர்கள் எலி அளவு தெரிகிறார்கள் என்று வர்ணிக்கிறான். வாசித்த பெண் அந்த வரியில் தலையைத் தூக்கிக் கீழே பார்த்தாள். கரையில் இரண்டு பேர் வலையை இழுத்துக்கொண்டிருந்தார்கள். எலி அளவுதான். க்ளாஸ்டர் குதித்து, தரையில் விழுகிறார். எட்கர் உடனே குரலை மாற்றி, கீழே நின்ற வேறு ஆளாக, இவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தும் பிழைத்தாயே என்கிறான்.

இதுவும் ஏமாற்றுத்தான். வேஷம் மாற்றி வந்து லியருக்கு வேலைக்காரனாக இருக்கும் கென்ட்டும் ஏமாற்றுகிறான். இந்த நாடகத்தில் பாசமுள்ளவர்களும் பொய் சொல்லித்தான் பக்கத்தில் இருக்க முடிகிறது. எட்கரை நான் முழுதாக மன்னிக்கவில்லை. அப்பாவிடம் நான்தான் உன் மகன் என்று சொல்ல எத்தனையோ தருணம் வாய்த்தும் சொல்லாமல் இழுத்தடிக்கிறான். கடைசியில் சொல்லும்போது, மகிழ்ச்சியும் துக்கமும் ஒன்றாக மோதி அந்தக் கிழவரின் இதயம் வெடித்துவிடுகிறது. அது மேடையில் நடப்பதுகூட இல்லை, எட்கர் வாயால் கேள்விப்படுகிறோம்.

ஏழாம் மாலை: முடிவு

அக்காள் தங்கை சண்டையை வேகமாகக் கடந்துவிடுங்கள். இருவருக்கும் எட்மண்ட்மேல் ஆசை, மூத்தவள் இளையவளுக்கு விஷம் வைக்கிறாள், தானும் குத்திக்கொண்டு சாகிறாள். கானரில் எட்மண்டுக்கு எழுதிய காதல் கடிதம் எட்கர் கையில் சிக்குவதை மட்டும் விடாதீர்கள். கள்ளக் கடிதத்தில் தொடங்கியவன் கதை உண்மைக் கடிதத்தில் முடிகிறது.

நேரத்தை நான்காம் அங்கம் ஏழாம் காட்சிக்கு மிச்சம் பிடியுங்கள். தூக்கம் தெளிந்த லியர் கார்டீலியாவை அடையாளம் கண்டு, உனக்கு என்னை வெறுக்கக் காரணம் இருக்கிறது என்கிறார். காரணம் இல்லை, இல்லவே இல்லை என்கிறாள். யோசித்துப் பார்த்தால் இது பொய். நாடகம் முழுக்கப் பொய் சொல்ல மறுத்தவள் சொல்லும் ஒரே பொய்.

அதன்பின், அப்பாவுக்காகப் பிரான்சுப் படையோடு வந்து போரில் தோற்ற அவளைச் சிறையில் தூக்கிலிடுகிறார்கள். பார்வையாளர்களால் இதைத் தாங்க முடியவில்லை. 1681இல் நேஹம் டேட் என்பவர் முடிவையே மாற்றி, கார்டீலியாவைப் பிழைக்க வைத்து எட்கருக்குக் கல்யாணமும் செய்து வைத்தார். ஏறக்குறைய நூற்றைம்பது வருஷம் இங்கிலாந்து மேடைகளில் அந்த வடிவம்தான் ஓடியது. உங்கள் கூட்டத்திலும் யாராவது அதையே கேட்பார்கள். டேட்டின் கதையைச் சொல்லுங்கள், ஷேக்ஸ்பியரை வாசியுங்கள்.

கடைசிக் காட்சியில் லியர் மகளின் உடலைத் தூக்கிவந்து, மூச்சு இருக்கிறதா என்று பார்க்க ஒரு இறகை அவள் உதட்டருகே வைக்கிறார். நாங்களும் ஒரு கோழி இறகு கொண்டுபோயிருந்தோம். ஒரு யோசனை: வாசிக்க ஆரம்பிக்கும் முன் மின்விசிறியை அணைத்துவிடுங்கள். நாங்கள் மறந்துவிட்டோம். கார்டீலியாவாக இருந்த பெண் மேசைமேல் தலை சாய்த்திருந்தாள். லியராக வாசித்தவர் இறகைக் கொண்டுபோனார். அது அசைந்தது. "இறகு அசைகிறது, உயிர் இருக்கிறது" என்று அடுத்த வரியை அவர் வாசித்தபோது, பின்வரிசையிலிருந்து அண்ணாச்சி பாதி எழுந்துவிட்டார். விசிறி சுற்றிக்கொண்டே இருந்தது. சுவிட்சு கதவுக்குப் பக்கத்தில்தான், என் கைக்கெட்டும் தூரத்தில். நான் அணைக்கவில்லை.